2,650 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த இரும்பு பம்பர்: ஏழு மாதத்தில் நான் பார்த்தது

பினாங்கில், நிபோங் திபாலிலிருந்து சுங்கை பாக்காப் போகிற பாதையில், செம்பனை மரங்கள் ரோட்டை ஒட்டி நிற்கிற இடத்தில், போன நவம்பரில் ஒரு காட்டுப்பன்றி என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் முன்னால் பாய்ந்தது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், மழை அப்போதுதான் விட்டிருந்தது. பன்றி உருண்டு எழுந்து தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. என் வண்டியின் பிளாஸ்டிக் பம்பர் இடது பக்கம் பிளந்து, ஃபாக் லேம்ப் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இரும்பு பம்பர் ஒன்னு போட்டுடுங்க. பிள்ளைங்களும் இதுலதானே வராங்க."

வண்டி 2018 மாடல், 2.4 டீசல். எனக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் உரமூட்டை, குலை என்று செம்மண் பாதையில்தான் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை சுங்கை ஊடாங் பக்கம் மீன் வாங்கப் போவோம். சேறு, உரத் தண்ணீர், உப்புக் காற்று மூன்றும் என் வண்டிக்கு உண்டு. அதனால் பம்பர் வாங்கும்போது நான் அழகைக் கேட்கவில்லை. துரு பிடிக்குமா, பிடிக்காதா, அதைத்தான் கேட்டேன்.

சிம்பாங் அம்பாட் பக்கத்தில் நாலு சக்கர வண்டிகளுக்குச் சாமான் போடும் கடை ஒன்று. பெயர் எழுத விரும்பவில்லை. கடையில் இருந்த தம்பி மரியாதையாகப் பேசினான். "அண்ணே, 3 மில்லி தகடு. பவுடர் கோட்டிங். ரெண்டு வருஷம் வாரண்டி. கடல் பக்கம் போனாலும் ஒன்னும் ஆகாது." பவுடர் கோட்டிங் என்றால் பெயின்ட் தூளை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து ஓவனில் உருக்கிப் பிடிக்கவைப்பது. இதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். அந்த ஒரு மெசேஜ்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. 500 வெள்ளி முன்பணம், மாட்டிய பிறகு 2,150. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வண்டியை விட்டேன், சாயங்காலம் எடுத்தேன்.

எடுக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் வலது பக்கம் ஒரு விரல் இடைவெளி, இடது பக்கம் இரண்டு விரல். வீட்டில் வந்து அளந்தேன்: வலது 11 மில்லி, இடது 24. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பன்றி அடிச்சதுல உங்க சேசிஸ் வளைஞ்சிருக்கும் அண்ணே" என்றான். அது உண்மையா என்று பார்க்க, பழைய பம்பரின் தாங்கு இரும்பை எடுத்துச் சேசிஸ் நுனியில் வைத்துப் பார்த்தேன். நாலு ஓட்டையும் நேராக உட்கார்ந்தது. சேசிஸ் வளையவில்லை. பம்பரைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஓட்டைகள் துளையிடும் மெஷினில் போட்டவை அல்ல, கேஸ் கட்டரால் இழுத்து நீளமாக்கியவை. ஓரமெல்லாம் உருகி வழிந்து கிடந்தது. மேலே பெரிய வாஷர் போட்டு மூடியிருந்தார்கள். போல்ட்டுகளின் தலையில் எண்ணே இல்லை. பாரம் தாங்கும் இடத்தில் போடும் போல்ட் என்றால் 8.8 என்று தலையில் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் வண்டியைத் தரக்கூடாது. பம்பரே கிட்டத்தட்ட ஐம்பது கிலோ, செம்மண் பாதையில் அது குதிக்கிற குதிக்கு எந்த போல்ட் தாங்கும்?

அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தைப்பூச வேலை, குலை வெட்டு எல்லாம் சேர்ந்து வந்ததால் போல்ட்டுகளை மட்டும் நானே மாற்றிவிட்டு ஓட்டினேன்.

ஐந்தாவது வாரம். வண்டி கழுவும்போது இடது ஃபாக் லேம்ப் வளையத்துக்குக் கீழே வெல்டிங் கோட்டை ஒட்டி ஒரு பழுப்புக் கண்ணீர் வழிந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். கறுப்புப் பெயின்ட் ஆறிய பாலில் ஆடை எடுக்கிற மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு இல்லை. வெல்டிங் மேல் கண்ணாடி மாதிரி பழுப்புத் திட்டுகள், அதைச் சுற்றிக் கடுகு கடுகாகத் தெறித்த இரும்புப் பொறிகள். அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போகிற பொறிகள். அதைக்கூட யாரும் தேய்க்கவில்லை. அவற்றின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

என் அக்கா மகன் பிறையில் ஒரு பெயின்டிங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். வந்தவன் பம்பரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா, தின்னரும் வெள்ளைத் துணியும் கொடுங்க" என்றான். துணியை நனைத்துப் பம்பரின் உள்பக்கம் இருபது தடவை தேய்த்தான். துணி கரி பிடித்த மாதிரி கறுத்துவிட்டது. "இது பவுடர் கோட்டிங்கே இல்ல மாமா. சாதாரண ஸ்பிரே பெயின்ட். பவுடரை ஓவன்ல 180, 200 டிகிரியில வேக வெச்சிருந்தா, தின்னர் பட்டாலும் இப்படி நிறம் விடாது."

பிறகு அவன் உட்கார்ந்து விளக்கியது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆலையிலிருந்து வரும் தகட்டின் மேல் நீலக் கறுப்பாக ஒரு செதில் இருக்கும். பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும், ஆனால் இரும்போடு அது ஒட்டி நிற்காது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் செதிலோடு பெயின்டும் சேர்ந்து கழன்றுவிடும். மணல் மாதிரித் துகள்களை வேகமாக வீசி அந்தச் செதிலை முழுக்க எடுக்க வேண்டும், அதைத்தான் பிளாஸ்டிங் என்கிறார்கள். வெல்டிங் மேல் நான் பார்த்த கண்ணாடித் திட்டு மின்சாரம் கடத்தாது. பவுடர் மின்னூட்டத்தால்தான் இரும்பில் ஒட்டுகிறது என்பதால், நிஜமாகவே பவுடர் அடித்திருந்தாலும் அந்த இடத்தில் சரியாகப் பிடித்திருக்காது. கூரான விளிம்புகளும் அப்படித்தான். உருகும்போது பவுடர் விளிம்பை விட்டு உள்ளே ஒதுங்கும், விளிம்பில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அதனால்தான் துரு எப்போதும் ஓரத்திலும் வெல்டிங்கிலும் தொடங்குகிறது. விளிம்பைக் கொஞ்சம் உருட்டி அரைத்தால் போதும், பாதிப் பிரச்சினை போய்விடும். என் பம்பரின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் வெட்டும். டயர் மாற்ற உதவிய பையன் கை கிழிந்து இரண்டு தையல் போட்டான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இன்னொன்று. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் எங்கேயோ தண்ணீர் அலம்புகிற சத்தம். ரேடியேட்டர் என்று பயந்து மெக்கானிக்கிடம் காட்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. அக்கா மகன்தான் பம்பரின் கீழ்க்குழாயில் காது வைத்துச் சொன்னான்: "மாமா, தண்ணி இதுக்குள்ள." இரண்டு முனையும் தகடு வைத்து அடைத்த குழாய், ஆனால் மேலே போல்ட் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது. இறங்கியது வெளியே போக வழியே இல்லை. அடியில் 8 மில்லி ஓட்டை ஒன்று போட்டோம். தேயிலைச் சாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவு கொட்டியது. அத்தனை நாள் மழை. வெளியே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் இந்தக் குழாய் உள்ளிருந்தே அரித்துப்போயிருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தகடு 3 மில்லி என்றார்கள், ஓட்டை ஓரத்தில் அளந்தால் 3 மில்லிதான். வளைவு வேலை சுத்தம். வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் சுருள் கருவி) வைக்கும் தட்டு உறுதியாக இருக்கிறது. ஃபாக் லேம்ப் ஒயரை மட்டும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அதை நான் சரியான கனெக்டர் போட்டு மாற்றிக்கொண்டேன்.

துணி, உரிந்த பெயின்ட், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி இல்லை, முதலாளி இருந்தார். "பாஸ், நீங்க கரடுமுரடா ஓட்டுறீங்க. துரு வாரண்டியில வராது" என்றார். பில்லைக் காட்டினேன். அதில் "முன் பம்பர் 1 செட்" என்று மட்டும்தான் இருந்தது. பவுடர் கோட்டிங் என்ற வார்த்தையே இல்லை. பிறகு வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம் என்பதையும் சத்தம் போடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்தார். "பெயின்ட் திரும்ப அடிச்சுத் தரேன்" என்றார். அதே கையால் அதே பெயின்ட் மறுபடியும் வேண்டாம் என்றேன். கடைசியில் 600 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். முழுப் பணம் கேட்டிருக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் பம்பரைக் கழற்றிக் கொடுத்தால் வண்டிக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது, பழையது துண்டு துண்டாகக் கிடந்தது.

பிறையில் வேறொரு பட்டறையில் பிளாஸ்டிங் செய்து, சிங்க் (துத்தநாகம்) பிரைமர் கொடுத்து, அதன் மேல் பவுடர் அடித்து வாங்க 420 வெள்ளி ஆனது. அதற்கு முன்னால் வெல்டிங் முழுவதையும் அரைத்தோம், விளிம்புகளை உருட்டினோம், பிராக்கெட்டுகளைப் புதிதாக வெட்டித் துளையிட்டோம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்த இரண்டு வெல்டிங்கை மறுபக்கமும் ஓட்டினோம். குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று அந்தப் பட்டறைக்காரரே முதலில் கேட்டார். அடைத்த குழாயை ஓவனுக்குள் வைத்தால் உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் சூட்டில் விரியும், அதற்கு வழி வேண்டும் என்றார். வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. இப்போது இடைவெளி இரண்டு பக்கமும் 12 மில்லி.

வாங்கப் போகிறவர்கள் ஏர்பேக் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். என் வண்டியின் கையேட்டில், முன்னால் இரும்புக் கம்பி, வின்ச் மாதிரி எதையாவது பொருத்துவதற்கு முன் டொயோட்டா டீலரைக் கேட்கச் சொல்லி ஏர்பேக் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. மோதும்போது நசுங்கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் வளையாத இரும்பை வைத்தால், அடி வேறு மாதிரி சேசிஸுக்குப் போகும். கடையில் நான் கேட்டதற்கு "பிரச்சினை இல்ல அண்ணே" என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்றிருக்கக் கூடாது. அடுத்த மாதம் டீலரிடம் வண்டியைக் காட்ட நாள் வாங்கியிருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் கழற்றிவிடுவேன், அதில் இரண்டு பேச்சு இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் பம்பர் தரையில் இருக்கும்போதே புரட்டிப் பாருங்கள். முகப்பை எல்லோரும் பளபளப்பாக்கித்தான் வைப்பார்கள். உள்பக்கத்து வெல்டிங்கில் விரல் ஓட்டுங்கள், தின்னர் துணியால் மறைவான இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள், போல்ட் தலையைப் படியுங்கள், தண்ணீர் போகும் ஓட்டை எங்கே என்று கேளுங்கள். சொன்னதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தகட்டுக்காகவும் வளைவு வேலைக்காகவும் அந்தக் கடைக்கு 5-க்கு 2 கொடுக்கிறேன். பெயின்ட் விஷயத்தில் சொன்ன பொய்க்கு அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை நல்ல மழை. வண்டியை நிறுத்தியதும் டார்ச் எடுத்துக் கீழே படுத்துப் பார்த்தேன். குழாய் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நிறமில்லாமல். இடது மூலையில் கல் தெறித்த இடத்தில் ஒரு புள்ளி. அடியில் சிங்க் சாம்பல் நிறம்தான் தெரிகிறது, பழுப்பு இல்லை.