பிர்னோவா, செட்லெட்ஸா? எலும்பறை பாக்க எங்க போலாம்

செக் நாட்டுல எலும்பறைன்னாலே (செத்தவங்க எலும்பையெல்லாம் சேர்த்து வச்சிருக்குற இடம்) எல்லாரும் குட்னா ஹோரா பக்கத்துல இருக்குற செட்லெட்ஸதான் சொல்வாங்க, 1870ல ரிண்ட்ங்கிற மரவேலைக்காரர் எலும்பாலயே தொங்குவிளக்கு, ஷ்வார்ஸன்பெர்க்ங்கிற பிரபுக் குடும்பத்தோட சின்னம் எல்லாம் செஞ்சு வச்சிருக்காரு, அந்தச் சின்னத்துல ஒரு காக்கா மண்டையோட்டுக் கண்ணைக் கொத்துற மாதிரிகூட இருக்கும். வேலைப்பாடு பிரமாதம்தான். ஆனா என் ஓட்டு அதே நாட்டுல இருக்குற பிர்னோ நகரத்துக்கு. ஊர் நடுவுல செயின்ட் ஜேம்ஸ் சர்ச்சுக்கு அடியில இருந்தத 2001லதான் கண்டுபிடிச்சாங்க, 2012ல தொறந்தாங்க. 50,000 பேருக்கும் மேல, பிளேக், காலரா, முப்பதாண்டுப் போர்னு போய்ச் சேர்ந்த ஜனங்க. இங்க அவங்கள அலங்காரப் பொருளா ஆக்காம சுவரோரமா மரியாதையா அடுக்கி வச்சிருக்காங்க, எனக்கு அதுதான் முக்கியம். பிராக்ல தங்கி ஒருநாள்ல போய்ட்டு வரணும்னா மட்டும் செட்லெட்ஸ் போங்க, ரயில்ல ஒரு மணி நேரம்தான்.