பழைய கணினிக்கு எது: ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, ஆர்எக்ஸ் 6600-ஆ?

1080பி-யில் (முழு எச்டி திரையில்) கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைக்கும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள். இரண்டுமே 2021-ல் வந்தவை. வழக்கமான கேம்களில் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மின்சாரம்:
3060 – 170 வாட். 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா.
6600 – 132 வாட். ஏஎம்டி 450 வாட் கேட்கிறது.

இதைத்தான் முதலில் பாருங்கள். மலிவான பவர் சப்ளை பலவற்றில் கார்டுக்கான 8 பின் கேபிளே இருக்காது. மோலெக்ஸ் (பழைய 4 பின் இணைப்பு) அடாப்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், வயர் சூடாகி உருகக்கூடும். பவர் சப்ளையும் மாற்றுவதென்றால் அந்தக் காசையும் கார்டு விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

மெமரி:
3060 – 12 ஜிபி. 8 ஜிபி வகையும் உண்டு, அது வேகம் குறைவு. பெட்டியைப் படித்து வாங்குங்கள்.
6600 – 8 ஜிபி.

ஸ்லாட்:
3060 – 16 லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் பாதை).
6600 – 8 லேன் மட்டும். பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் ஸ்லாட்டின் பழைய தலைமுறை) உள்ள மதர்போர்டில் சில கேம்களில் கொஞ்சம் வேகம் குறையும். பயப்படும் அளவுக்கு இல்லை.

அப்புறம், கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். ஒரே கார்டே மூன்று விசிறி மாடலில் நீளமாக வரும்.

கேம் மட்டும்தான், பவர் சப்ளையும் சின்னது என்றால் 6600 எடுங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு. பிளெண்டர் (3டி மென்பொருள்) வேலை, ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டுவது), டிஎல்எஸ்எஸ் (ஏஐ மூலம் கேம் வேகத்தைக் கூட்டும் என்விடியா வசதி) வேண்டுமென்றால் 12 ஜிபி 3060-தான் சரி.