வளைந்த கால்கள்: காத்திருப்பதா, பிரேஸ் அணிவிப்பதா, அறுவை சிகிச்சையா?

கணுக்கால்களைச் சேர்த்து நிறுத்தினாலும் குழந்தையின் முழங்கால்கள் ஒட்டாமல் வில்லாக விலகி நிற்கும்போது, பெற்றோர் மூன்று வழிகளைக் கேள்விப்படுகிறார்கள்: காத்திருத்தல், பிரேஸ் (காலை நேராகப் பிடித்து வைக்கும் கட்டு) அணிவித்தல், அறுவை சிகிச்சை. இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தேர்ந்துகொள்ளக்கூடியவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வளைவுக்கு என்ன காரணம் என்பதே வழியைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வயதுக்குட்பட்ட, இரு கால்களும் ஒரே அளவில் வளைந்த, வயதுக்கேற்ற உயரமுள்ள குழந்தைக்குக் காத்திருப்பதே சரியான வழி. கருவறையில் மடங்கிக் கிடந்த கால்கள் 18 முதல் 24 மாதங்களுக்குள் பெரும்பாலும் நேராகி, 3, 4 வயதில் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்து, 7 வயதளவில் பெரியவர்களின் அமைப்பை அடைகின்றன. இந்த மாற்றத்தைச் சிறப்புக் காலணிகளோ பிரேஸோ விரைவுபடுத்துவதில்லை. தானே நேராகும் காலில் பிரேஸைக் கட்டிக் குழந்தையின் ஓட்டத்தைத் தடுப்பது எனக்கு வருத்தம் தரும் செயல். ஆனால் காத்திருக்கும் காலத்தில் முழங்கால்களுக்கிடையிலான இடைவெளியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் அளந்து குறித்துவர வேண்டும். அளக்காமல் காத்திருந்தால் நோய் வளர்வது தெரியாமலே போய்விடும்.

பிரேஸுக்கு இடமுள்ளது ப்ளவுன்ட் நோயில். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீண்டு வளரும் இடம்) உட்புறத்தில் சரியாக வளராததால் வரும் இந்நோய், சீக்கிரம் நடக்கத் தொடங்கிய, எடை மிகுந்த குழந்தைகளிடம் அதிகம். எக்ஸ்ரேயில் அந்த எலும்பின் மேல்முனையில் அளக்கப்படும் கோணம் 11 பாகைக்குக் கீழிருந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 16 பாகையைத் தாண்டினால் நோய்க்கே வாய்ப்பு மிகுதி. இடைப்பட்டிருந்தால் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். பிரேஸ் 3 வயதுக்கு முன், நோயின் தொடக்கநிலையில் மட்டுமே பரிசீலிக்கத்தக்கது. அப்போதும், தானாகவே குணமாகியிருக்கக்கூடிய குழந்தைகளும் அதன் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதன் பயனை நான் அளவோடுதான் நம்புகிறேன்.

அறுவை சிகிச்சை அச்சமூட்டுவதுதான். எனினும் ப்ளவுன்ட் நோய் உறுதியாகி, 3 வயது கடந்தும் வளைவு கூடிவந்தால், 4 வயதுக்கு முன் எலும்பை வெட்டி நேராக்குவதைத் தள்ளிப்போடுவதே பெரிய தீங்கு; தாமதித்தால் வளர்ச்சித் தட்டு எலும்பாக இறுகி, நேராக்கிய கால் மீண்டும் வளையக்கூடும்.

வளரும் எலும்புகள் மென்மையாகிவிடும் ரிக்கெட்ஸ் நோய் இம்மூன்றிலும் அடங்காது. மணிக்கட்டு தடித்திருத்தல், உயரம் குறைவு, எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் அகன்று கிண்ணம்போல் குழிந்திருத்தல் ஆகியவை இருந்தால் இரத்தப் பரிசோதனையே முதல் படி. வைட்டமின் டி குறைபாட்டால் வந்தது மருத்துவர் தரும் வைட்டமின் டி, கால்சியத்தால் குணமாகி, வளைவும் பெரும்பாலும் படிப்படியாகக் குறையும். சிறுநீரில் பாஸ்பேட் வீணாகும் பரம்பரை வகைக்கோ வழக்கமான வைட்டமின் டி மட்டும் போதாது. ஒரு காலில் மட்டும் வளைவு இருந்தாலும், இரண்டு வயதுக்குப் பின் அது கூடினாலும், நடக்கையில் முழங்கால் வெளிப்பக்கமாகச் சட்டென்று தள்ளினாலும் குழந்தைகள் எலும்பியல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.