மெர்லின் செயலி: ஊர்க்குருவிக்குக் கெட்டி, அரிய பறவைக்கு அரைச் சாட்சி

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை வெளியிடுவது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம். இது இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே வைஃபையில் இறக்கிவிடுங்கள். சில நூறு எம்பி பிடிக்கும், ஏரிக்கரை சிக்னலை நம்பினால் பாதியில் நிற்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் அதன்பின் இணையம் வேண்டாம்.

2021இல் வந்த, குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் ஒலி அறியும் வசதிதான் இதன் உயிர். சின்னான், செண்பகம், தையல்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான் போன்றவற்றில் அநேகமாகத் தடுமாறாது. குளிர்காலத்தில் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி புதருக்குள்ளேயே கிடக்கும், விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீட்டி மட்டும் கேட்கும். அதைப் பிடித்துக் கொடுப்பதில் மெர்லின் கெட்டிக்காரன்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதிவு செய்யாதீர்கள். துணி உரசும் சத்தமே மேலோங்கி நிற்கும். கையில் எடுத்து, கீழ்முனை மைக்கைப் பறவை பக்கம் நீட்டி, ஏரோபிளேன் மோடில் போட்டு, அரை நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடு!

பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், அந்த இடத்துக்கும் பருவத்துக்கும் அது அரிது என்று பொருள். சந்தேகம் முளைக்க வேண்டிய இடமும் அதுதான். கரிச்சான் வல்லூறின் குரலை அச்சு அசலாக எடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் ஒன்றே ஐந்தாறு பறவைகளாகக் கூவும். செயலி குரலை மட்டுமே கேட்கிறது, கிளையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பதில்லை. பெயர் ஒரே ஒருமுறை மின்னி மறைந்தால் தள்ளிவிடுங்கள். அதே அழைப்புக்குத் திரும்பத் திரும்ப அதே பெயர் வந்தால் பைனாகுலரோடு தேடுங்கள்.

சதுப்பு நிலத்தில் ஒலி வசதி பெரிதாக உதவாது, சேற்றில் மேயும் உள்ளான் வகைப் பறவைகள் அதிகம் வாய் திறப்பதில்லை. செயலிக்குப் படத்தைக் கொடுத்தாலும், தூரத்தில் எடுத்ததென்றால் பொரி உள்ளானையும் கிரீன் சாண்ட்பைப்பர் என்ற இன்னொரு உள்ளானையும் குழப்பும். இரண்டுக்கும் வாலடி வெள்ளைதான். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொரி உள்ளானுக்கு வெளிர் நிறம், மற்றதற்குக் கருமை. நிற்கும்போது கண்ணுக்குப் பின்னும் நீளும் வெள்ளைப் புருவக்கோடு பொரி உள்ளானுக்கே உரியது.

பார்த்த பறவைகளைப் பதியும் இணையத்தளமான ஈபேர்டில் அரிய பறவையைப் பதிந்தால் விவரம் கேட்கும். அங்கே 'மெர்லின் சொன்னது' என்று எழுதினால் சரிபார்ப்பவர் ஏற்கமாட்டார். அலகு, கால் நிறம், புருவம், தூரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி, செயலி சேமித்த ஒலிப்பதிவையும் இணையுங்கள்.

செயலியில் உள்ள மாதிரிக் குரல்களைக் களத்தில் சத்தமாக ஓட விடாதீர்கள். கூடுகட்டும் பருவத்தில் எதிரி வந்துவிட்டதாக எண்ணிப் பறவை அலையும். போதாக்குறைக்கு, பக்கத்தில் பதிவு செய்பவரின் போன் அதையும் பட்டியலில் ஏற்றிவிடும்.