புதுப் பெயிண்ட் அடித்த பழைய ரீலோடிங் பிரஸ்: 120 டாலர் கொடுத்து நான் ஏமாந்தது

டெக்சாஸில் வார இறுதிகளில் நடக்கும் துப்பாக்கிச் சந்தை ஒன்றில், பழைய சாமான் மேசையில் ஒரு ரீலோடிங் பிரஸ் வாங்கினேன். சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்ப உதவும், கைப்பிடியை அமுக்கி இயக்குகிற கருவி அது. ஒரே டை (கூட்டை அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சு) மாட்டும் சிங்கிள் ஸ்டேஜ், ஓ வடிவ வார்ப்பிரும்புச் சட்டம், பேர் பெற்ற கம்பெனியின் சரக்கு. வார்னிஷ் போட்டது மாதிரி பளபளத்தது. "நானே பிரித்து, ராம் பாலிஷ் போட்டு, ட்யூன் பண்ணி வைத்திருக்கிறேன், உங்கள் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்" என்றார் விற்றவர். ராம் என்பது கூட்டை டைக்குள் ஏற்றும் தண்டு. 120 டாலரை ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுட்ட கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, திரும்ப நிரப்புவது அமெரிக்காவில் சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் முயன்று பார்க்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சுடுவது 308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா. சுடும்போது கேஸ் துப்பாக்கியின் அறைக்குள் விரிந்துவிடும். அதை டைக்குள் தள்ளி, கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையை ஆயிரத்தில் 2 பங்கு அங்குலம் அளவுக்குப் பின்னுக்குத் தள்ளினால் போதும். தள்ளியது போதாவிட்டால் துப்பாக்கியின் போல்ட் (அறையை மூடும் பாகம்) மூடச் சிரமப்படும். அதிகமாகத் தள்ளினால் கேஸ் ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் அறைக்குள்ளேயே இரண்டாக அறுந்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம் இது.

என் கேஸ்கள் ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. ஒன்று சரியாக இருக்கும், அடுத்தது ஆயிரத்தில் 5, 6 பங்கு தள்ளிப்போகும். லூப் (கேஸில் தடவும் வழவழப்புப் பசை) சரியில்லை என்று நினைத்து மாற்றினேன். பித்தளை இறுகிவிட்டது என்று நினைத்துச் சூடுபடுத்திப் பார்த்தேன். அப்புறம் டையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று கீழே இறக்கிக்கொண்டே போனேன். கைப்பிடி கனத்ததுதான் மிச்சம்.

அப்போதும் பிரஸ்ஸைச் சந்தேகப்படாமல் அதை மேம்படுத்தக் கிளம்பினேன். டையைச் சின்னத் திருகில் கழற்றி மாட்டுகிற ஹார்னடி லாக்-என்-லோட் புஷிங் (டையைப் பிடிக்கும் வளையம்) வாங்கினேன். மேலே 1¼ அங்குலத் திருகுப் புரி உள்ள பிரஸ்களில் அது பொருந்தும். மேசை அசைகிறதோ என்று அடியில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டேன். இரண்டும் நல்ல வேலைகள்தான், உறுதியான சட்டத்துக்குச் செய்திருந்தால். மொத்தச் செலவு பிரஸ்ஸின் விலையைத் தாண்டியது.

சுடும் மைதானத்தில் பழக்கமான ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, வீட்டுக்கு வந்து பார்த்தார். ஷெல் ஹோல்டர் (ராமின் தலையில் கேஸைப் பிடித்துக்கொள்ளும் துண்டு) டையின் அடியைத் தொடும்படி டையை இறக்கிவிட்டு, லூப் போட்ட கேஸை வைத்துக் கைப்பிடியை முழுக்க அமுக்கச் சொன்னார். பின்னால் ஒரு டார்ச் பிடித்தார். டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. நல்ல பிரஸ்ஸிலும் இம்மியளவு தெரியலாம், டையைக் கொஞ்சம் இறக்கினால் அது மறைந்துவிடும். இதில் ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் திறந்தது. சட்டம் கதவு மாதிரி விரிகிறது என்று அர்த்தம்.

பெயிண்டைச் சுரண்டினோம். வலது தூணில், மேல் வளைவுக்குக் கீழே, சாம்பல் நிற இரும்புக்குக் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. எப்போதோ உடைந்ததைப் பித்தளைப் பற்று வைத்து ஒட்டி, அரம் போட்டு வழித்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பற்றின் ஓரத்தில் மயிரிழை விரிசல் மறுபடி கிளம்பியிருந்தது. நான் டையை இறக்கி இறக்கி அமுக்கியதில் அது இன்னும் வளர்ந்திருக்கும்.

அடுத்த சந்தையில் விற்றவரைப் பிடித்தேன். "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். ஒட்டு போட்டது என்று சொல்லி 20 டாலருக்கு விற்றிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. விரிசலை மூடி மறைத்து, புதிதாகக் கற்றுக்கொள்கிற ஆளின் தலையில் கட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பழைய பிரஸ் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வார்ப்பிரும்பு பிரஸ் எண்ணெய் கண்டால் இரண்டு தலைமுறை உழைக்கும். துருவும் கறுத்த பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) கசடும் உள்ளதையே வாங்குங்கள், கழுவிக்கொள்ளலாம். அந்தக் கசடில் ஈயம் உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ராம் லேசாக ஆடுகிறதே என்றும் பயப்பட வேண்டாம், கேஸ் டைக்குள் போனதும் தானே நடுவுக்கு வந்துவிடும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். ஒரு டை, ஷெல் ஹோல்டர், லூப் போட்ட இரண்டு கேஸ், டார்ச் இவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மேசையில் திருகிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

புஷிங்கைக் கழற்றி, புதிதாக வாங்கிய பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். பழைய சட்டத்தை இரும்புக் கடைக்குப் போட மனம் வரவில்லை, யாராவது எடுத்து மறுபடி பெயிண்ட் அடித்துவிட்டால்? தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். இரண்டாவது அடியில் அந்த மஞ்சள் கோட்டோடு பிளந்தது.