மூன்று புள்ளியில் தொடங்கும் வசனங்கள்: வாக்குத்தத்த அட்டைகளைப் பல வருஷம் பயன்படுத்தியபின்

புதுவீடு குடிபோகும் ஒரு குடும்பத்துக்கு வாக்குத்தத்தப் பெட்டி (கடவுளின் வாக்குறுதியாக எடுத்த வேத வசனங்களை அட்டைக்கு ஒன்றாக அச்சடித்து அடுக்கிய பெட்டி) வாங்கிக் கொடுக்கலாமா, அதை யாராவது உண்மையிலேயே பயன்படுத்துவார்களா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வாங்கலாம் என்றும் வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருந்ததால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

அட்டை எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டில் வருவதும், சாப்பாட்டு மேசைப் பெட்டியிலிருந்து காலையில் உருவுவதும், ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூவோடு வாட்ஸ்ஆப்பில் வந்து விழுவதும் ஒரே சரக்குதான்.

முதலில் சில்லறைக் குறைகள். லேமினேஷன் காகிதத்தின் ஓரத்தோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது, மூலையில் வாய் பிளந்துவிடும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டியதுதான் பர்ஸில் நிற்கும். காரின் முன்கண்ணாடி அருகே வைத்தால் வெயிலுக்குச் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், ரோஜா நீலமாகிவிடும். அருவிப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சடித்ததை அறுபது வயதுக்கு மேற்பட்டவர் யாராலும் வாசிக்க முடியாது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்த மூன்று புள்ளி.

பெட்டியைத் திறந்து எந்த அட்டைகள் புள்ளியில் தொடங்குகின்றன என்று பாருங்கள். தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். “செய்தால்”, “கைக்கொண்டால்”, “முடிந்தபின்பு” எல்லாம் வாக்கியத்தின் தலையில் இருக்கும். “தருவேன்”, “ஆக்குவேன்” வாலில் இருக்கும். சட்டைப்பை அளவு அட்டையில் நீள வசனம் கொள்ளாது. அச்சடிப்பவர் வாலை வைத்துக்கொண்டு தலையை வெட்டுகிறார். வெட்டிய இடத்தில் மனசாட்சிக்கு மூன்று புள்ளி. சில சமயம் அதுவும் கிடையாது.

உபாகமம் 28:13-ஐ எடுங்கள். “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்பது கடைத் திறப்பு விழாவிலிருந்து ஆட்டோவின் முதுகு வரை எங்கும் இருக்கிறது. முழு வசனம் கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையோடு தொடங்குகிறது. அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம். 44-ஆம் வசனத்தில் அதே தலையும் வாலும் இடம் மாறி வருகின்றன: அந்நியன் தலை, நீ வால். அந்த அட்டையை எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. தலையாக்குவார் என்ற வசனத்துக்கே தலை இல்லை என்பதை நினைத்தால் எரிச்சலோடு சிரிப்பும் வருகிறது.

அடுத்தது எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் வேலை போனவருக்கும் இதுதான் போகிறது. இது ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அந்த ஊருக்காக ஜெபியுங்கள் என்று தொடங்குகிறார். முந்தின வசனமான 10-இல் கெடு வருகிறது: எழுபது வருஷம். அதாவது கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி வரப்போவதில்லை.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் பார்த்துவிட வேண்டும். அதில் அனனியா என்றொருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஆலயத்துப் பாத்திரங்கள்கூடத் திரும்பி வந்துவிடும் என்று சபை நடுவே சொல்கிறான். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. எரேமியாவே “ஆமென், அப்படியே ஆகட்டும்” என்கிறார், பிறகுதான் மறுக்கிறார். அனனியா அந்த வருஷம் ஏழாம் மாதம் செத்துப்போனான். 10-ஐ வெட்டி 11-ஐ மட்டும் அச்சடிக்கும் அட்டை எரேமியாவின் பெயரைப் போட்டுக்கொண்டு அனனியாவின் சரக்கை விற்கிறது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் கடவுள் ஒருவரிடம் பேசினால் “நீ” என்பார். மரியாதைப் பன்மை அங்கே வராது. ஆகவே “நீங்கள் எதிர்பார்த்திருக்கும்”, “உங்கள்பேரில்” என்று அட்டையில் இருந்தால் அது ஒரு கூட்டத்துக்குச் சொன்னது என்று அப்போதே தெரிந்துவிடும். இக்கால ஆங்கில அட்டையில் இந்த வித்தியாசம் தெரியாது. நாமோ தெரிந்திருந்தும் “எனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம்” என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம். ஆனால் “நீ” என்றிருந்தால் தனி ஆள் என்று முடிவுகட்டவும் கூடாது. “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்” என்கிற ஏசாயா 41:10-இல் அந்த “நீ” யார் என்பதை இரண்டு வசனம் மேலே போய்ப் பார்த்தால் இஸ்ரவேல், யாக்கோபு, ஆபிரகாமின் சந்ததி என்று மொத்த ஜனத்தையும் ஒரே ஆளாக நிறுத்திக் கூப்பிடுவது தெரியும்.

பிலிப்பியர் 4:13 பரீட்சைக் கால அட்டை. எல்லாவற்றையும் செய்யப் பெலன் என்பதற்கு முன்வரியில் பவுல் கொடுக்கும் பட்டியலில் பட்டினியும் குறைவும் இருக்கின்றன. காவலில் இருந்துகொண்டு எழுதியது அது. தொண்ணூற்றைந்து மார்க் வாங்கவும் பெலன், ஐம்பத்தைந்து வாங்கி வீட்டுக்கு வரவும் பெலன் என்று பொருள் சொன்னால் பரீட்சைக்கு முந்தின நாள் எந்த அம்மாவும் ரசிக்கமாட்டார். ஆனால் ரிசல்ட் நாளில் உதவுவது அந்த முன்வரிதான்.

கோபத்தில் அச்சுக்காரரை மட்டும் திட்டிவிடக் கூடாது. அட்டை அளவுக்கு வேதம் துண்டாகும் வசதியே வசன எண்ணால் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசனப் பிரிவைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியன் என்ற அச்சகக்காரர், 1551-இல். பவுலின் கடிதங்கள் அதற்கு முன் ஆயிரத்தைந்நூறு வருஷம் எண் இல்லாமலேதான் இருந்தன. சீட்டுப்போல வசனம் எடுப்பதும் நேற்று வந்ததல்ல. சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்து குறி பார்ப்பவர்களைப் பற்றி 400-ஆம் ஆண்டை ஒட்டி ஆதிசபைப் பிதா அகஸ்டின் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார்: பேய்களிடம் போய்க் கேட்பதைவிட இது பரவாயில்லை, ஆனாலும் லௌகீக காரியத்துக்கு வேதத்தை இப்படிப் பயன்படுத்துவது பிடிக்கவில்லை என்று. என் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

சீட்டு எடுப்பதையே ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் சின்சென்டார்ஃப் பிரபு 1728 மே 3 அன்று தம் சபைக்கு அந்த நாளுக்கான வசனம் ஒன்றைக் கொடுத்தார். 1731 முதல் அது வருஷப் புத்தகமாக இன்றுவரை வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் சீட்டில் எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். ஒன்று தனியாக நின்று தப்பாகப் பேசினால் மற்றது பிடித்து நிறுத்தும். அதோடு அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே வசனம். “எனக்கு நல்லது வந்தது, உனக்கு என்ன வந்தது” என்ற புத்தாண்டு ராத்திரி ஒப்பீடு அங்கே கிடையாது. நம்மூர்த் தட்டில் பிடிக்காத வசனம் வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். யாரென்று சொல்லவேண்டாம், எல்லாச் சபையிலும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் பயன்படுத்துகிறோம்? புலம்பல் 3:22, 23 அட்டைக்காக என்று சொல்லுவேன். “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே” என்று தொடங்கி, இரக்கங்கள் “காலைதோறும் புதியவைகள்” என்று போகும். மற்ற அட்டைகளின் சந்தர்ப்பத்தைத் தேடிப் போனால் வசனம் கொஞ்சம் சுருங்கும். இதற்குப் போனால் பெரிதாகிறது. எருசலேம் எரிந்தபின் பாடிய ஒப்பாரி அது. ஐந்து அதிகாரங்களில் வசனக் கணக்கு 22, 22, 66, 22, 22. எபிரெய எழுத்துகள் 22. முதல் நான்கு அதிகாரங்களும் எழுத்து வரிசைப்படி கட்டியவை, மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம். துக்கத்தை அகரவரிசையில் எழுதுவதென்றால் எதையும் விடாமல் சொல்லித் தீர்ப்பது என்று பொருள். மூன்றாம் அதிகாரத்தில் இந்த வசனத்துக்கு முன்னால் கடவுள் பதுங்கியிருக்கும் கரடியாக வருகிறார், ஜெபத்தை அடைத்துப்போடுகிறார், கல்லால் பல்லை நொறுக்குகிறார். அதையெல்லாம் சொன்ன வாய்தான் “காலைதோறும் புதியவைகள்” என்கிறது. சொன்னபிறகும் புத்தகம் சுபமாக முடிவதில்லை. எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற கேள்வியில்தான் நிற்கிறது. ஐசியூ வாசலில் காலை ஐந்து மணிக்குக் கையில் இருக்கவேண்டிய அட்டை இது. “எல்லாம் சரியாகும்” என்று இது சொல்லவே இல்லை. அதனால்தான் அங்கே நம்ப முடிகிறது.

பெட்டியில் இல்லாதவற்றையும் சொல்லவேண்டும். 150 சங்கீதங்களில் புலம்பல் வகை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. அட்டைகளில் தேடினாலும் கிடைக்காது. 13-ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனம். முதல் இரண்டில் “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை. அட்டைக்கு எடுப்பது ஐந்தையும் ஆறையும்தான். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே கிடக்கிறது, அட்டைக்கு ஆகவே ஆகாது. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் வராதவருக்கு அதைக் காட்டினால், இதைக்கூட வேதத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே கொஞ்சம் மூச்சு திரும்புகிறது.

பயன்படுத்தும் முறைக்கு வருகிறேன். அட்டையைப் பர்ஸில் வைக்காமல் அந்த அதிகாரத்திலேயே சொருகுங்கள். பக்க அடையாளமாக அதைவிட நல்ல வேலை அதற்கு இல்லை. பத்து வசனம் மேலே, பத்து வசனம் கீழே, சத்தமாக வாசியுங்கள். நான்கு நிமிஷம்கூட ஆகாது. யார் யாரிடம் சொன்னது என்பதையும், வெட்டிப்போன “-ஆல்” எது என்பதையும் பென்சிலால் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். பளபளப்புத் தாளில் பென்சில் ஏறாது. சின்ன ஒட்டுத்தாள் போதும். “ஆகையால்”, “ஆனாலும்” என்று தொடங்கும் அட்டையென்றால் முந்தின பத்தியைத் தவறவிடவே கூடாது. வாக்கியம் சிக்கலாக இருந்தால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டால் பிடிபடும். மனப்பாடம் செய்வதென்றால் 1871-இல் ஹென்றி பவர் என்பவரின் குழு முடித்த பழைய திருப்புதலே. “சகாயம்பண்ணுவேன்” என்பதை யாரும் இன்று பேசுவதில்லை, ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு நாக்குக்கு அதுதான் வருகிறது.

துக்கவீட்டுக்கு எந்த அட்டையும் அனுப்பாதீர்கள். முக்கியமாக ரோமர் 8:28. “சகலமும் நன்மைக்கு ஏதுவாக” என்பது பாடுபடுகிறவர் தாமே சொல்லவேண்டிய வரி. சாம்பிராணி வாசம் போகுமுன் அடுத்தவர் வாட்ஸ்ஆப்பில் தள்ளக்கூடாது. அதே கடிதத்தில் நான்கு அதிகாரம் தள்ளி அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் இருக்கிறது. எல்லாம் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர் ஏழு நாள் இராப்பகல் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். போங்கள், உட்காருங்கள், டீ போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. தேவதூதர் காப்பார்கள் என்கிற 91-ஆம் சங்கீதத்தை முதன்முதலில் துண்டாக எடுத்து நீட்டியவன் மத்தேயு 4-இல் பிசாசு. “உன் வழிகளிலெல்லாம்” என்ற சொற்களை விட்டுவிட்டுச் சொன்னான். இயேசு அதற்கு “என்றும் எழுதியிருக்கிறதே” என்று வேறொரு வசனத்தைப் பக்கத்தில் வைத்தார். அந்த “உம்” போதும். ஒற்றை அட்டையோடு நிற்காமல் இரண்டாவதைத் தேடுகிற பழக்கம் அங்கேயிருந்துதான்.

தோழிக்குப் பதில்: பெட்டி வேண்டாம். அந்தக் காசுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கி, அட்டை வைக்கவேண்டிய இடங்களில் வெறும் ரிப்பன் வைத்துக் கொடு. இல்லை, பெட்டிதான் வாங்குவேன் என்றால் வாங்கு. பிள்ளைகள் காலையில் சண்டைபோட்டு உருவுவதற்கு ரிப்பன் உதவாது. கொடுப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து மூன்று புள்ளி அட்டைகளின் பின்னால் விட்டுப்போன பாதியை எழுதிவிடு. நிறைய இருக்கும், கை வலிக்கும்.

என் புலம்பல் அட்டையின் லேமினேஷன் மூன்றாம் முறையாகப் பிளந்து டேப் ஒட்டியிருக்கிறேன். டிசம்பர் 31 இரவு தட்டு வந்தால் கையை நீட்டத்தான் போகிறேன். புள்ளி இல்லாததாக வரட்டும்.