திலோனியா பேர்ஃபுட் காலேஜ்: ஆள் எடுக்கும் விதத்துக்காகவே போய்ப் பார்க்க வேண்டிய இடம்

கிராமத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் நடத்துகிறவராக இருந்தால், வருடா வருடம் "தலைமைப் பண்புப் பயிற்சி" என்று ஒரு தொகை ஒதுக்குகிறவராக இருந்தால், ஒரே ஒரு வருடம் அந்தப் பணத்தில் நாலு களப்பணியாளர்களை ஜெய்ப்பூருக்கு ரயில் ஏற்றி அங்கிருந்து திலோனியாவுக்கு அனுப்பிவையுங்கள் என்றுதான் சொல்வேன். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டம், மார்பிளுக்குப் பேர்போன கிஷன்கட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. 1972-ல் பங்கர் ராய் அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காசநோய் மருத்துவமனைக் கட்டடங்களில் வேலையைத் தொடங்கினார். சமூகப் பணி ஆராய்ச்சி மையம் என்று பெயர். இப்போது உலகத்துக்குத் தெரிந்த பெயர் பேர்ஃபுட் காலேஜ், பள்ளிக்கூடம் போகாத கிராமத்து ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் இடம். நான் போனது கோவிடுக்கு முன்னால், அதனால் இப்போதைய நிலவரத்தில் சில விஷயங்கள் மாறியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவர்களுடைய முறையைப் பற்றி, அது பல வருடமாக ஒன்றுதான்.

எல்லோருக்கும் தெரிந்த கதை சோலார் பாட்டிகள். எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஐம்பது வரைக்குமான கிராமத்துப் பெண்கள் ஆறு மாதம் தங்கி சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு போகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் இருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். 2008-லிருந்து அப்படி வருகிறவர்களின் விமானச் செலவையும் பயிற்சிச் செலவையும் இந்திய வெளியுறவுத் துறை மற்ற நாட்டவர்களுக்குப் பயிற்சி தர நடத்தும் ஐடெக் திட்டம் ஏற்றுக்கொண்டது. வீடியோக்களில் காட்டுவது இந்த ஆறு மாதத்தைத்தான். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பது.

முன்னால் என்ன நடக்கிறது? ஒரு ஊரில் முதலில் கூட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு வீடும் மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட அந்த அளவுத் தொகையை மாதா மாதம் கட்ட ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைய வேண்டும். அப்புறம்தான் யார் போவது என்ற பேச்சே வருகிறது. அந்த ஆளை ஊரே தேர்ந்தெடுக்கிறது, நிறுவனம் விண்ணப்பம் வாங்கி நேர்காணல் வைப்பதில்லை. ஏன் நடுத்தர வயதுப் பெண்கள் என்றால், பங்கர் ராய் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: ஆண் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் சான்றிதழைக் கையில் வாங்கிய மறுநாள் நகரத்துக்கு பஸ் ஏறிவிடுவான், பேரப்பிள்ளை உள்ள பெண் ஊரில் இருப்பாள். அதனால்தான் இங்கே சான்றிதழே கிடையாது. இதைப் படிக்கும்போது நம் ஊரில் செல்போன் ரிப்பேரும் ஏசி மெக்கானிக் வேலையும் கற்றுக்கொடுத்து நாம் அனுப்பிவைத்த எத்தனை பையன்கள் இப்போது ஊரில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் முன்னேறியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஊருக்காகச் செய்த பயிற்சி என்று கணக்கு எழுதினோமே, அந்த ஊருக்கு என்ன மிஞ்சியது?

பயிற்சிக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை மேல் சர்க்யூட் போர்டுகள், சாலிடரிங் கம்பி, வயர்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், அவர்களிலும் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். மாணவிகளுக்கும் ஆசிரியைக்கும் பொதுவான மொழி இல்லை. எல்லாமே நிறம், எண்ணிக்கை, சைகை. எந்த நிற வயர் எங்கே போகும், எந்தப் பட்டைகள் போட்ட உதிரிப் பாகம் எந்த இடத்தில் உட்காரும் என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார்கள், தப்பாக வைத்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், யாரும் யாருக்கும் விளக்கவுரை தருவதில்லை. ஆறு மாத முடிவில் சார்ஜ் கன்ட்ரோலரையும் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் கருவி) லாந்தரையும் தானே சேர்த்து, பழுதானால் எங்கே பழுது என்று கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். நாலு நாள் பவர்பாயின்ட் போட்டு முடிக்கிற பயிற்சிகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு, ஒரே வேலையை இத்தனை தடவை திரும்பத் திரும்பச் செய்ய விடுகிற பொறுமைதான் இங்கே பாடத்திட்டம் என்று தோன்றியது.

பின்னால் நடப்பது இன்னும் முக்கியம். திரும்பிப் போகிற பெண்ணுக்கு ஊரில் ஒரு சின்னப் பணிமனை இருக்கும். வீடுகள் கட்டும் மாதத் தொகையில் ஒரு பங்கு அவருக்குச் சம்பளம், மீதி உதிரிப் பாகங்களுக்கு. அதாவது திட்டம் உயிரோடு இருப்பதும் சாவதும் அந்த ஊர்க் குழு பணத்தை ஒழுங்காக வசூலிக்கிறதா என்பதில் இருக்கிறது. இங்கேதான் எனக்குச் சந்தேகமும் உண்டு. பேட்டரி சில வருடத்தில் போய்விடும், புதியது வாங்குவது மாதச் சந்தா மாதிரி சின்னச் செலவு இல்லை. மழை பொய்த்த வருடத்தில் யார் கட்டுவார்கள்? இந்தியாவில் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது: வீடுதோறும் மின் இணைப்பு தர 2017-ல் வந்த சௌபாக்யா திட்டத்துக்குப் பிறகு மின்சாரம் இல்லாத வீடுகள் மிகவும் குறைந்துவிட்டன, வீட்டுக்கு ஒரு சோலார் விளக்கு என்ற தேவையே சுருங்கிவிட்டது. ஆகவே இந்த மாதிரியை அப்படியே நகல் எடுத்து நம் ஊரில் சோலார் பாட்டி திட்டம் போடாதீர்கள். எடுக்க வேண்டியது ஆள் எடுக்கும் முறையும் பணம் கட்டும் முறையும். விளக்குக்குப் பதிலாக கைப்பம்பு பழுது பார்ப்பதாக இருக்கலாம், தண்ணீர்ப் பரிசோதனையாக இருக்கலாம்.

சரி, விளக்கு எரிகிறது, அதில் தலைமை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் நௌர்தி பாயின் வாழ்க்கை. திலோனியாவுக்குப் பக்கத்து ஹர்மாராவைச் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளி. 1980-களின் தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலையாக மதன்கஞ்ச்–ஹர்மாரா சாலை போட்டார்கள். அப்போதைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய், பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. நௌர்தி ஆட்களைத் திரட்டினார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சஞ்சித் ராய் எதிர் ராஜஸ்தான் அரசு என்ற வழக்கு அதுதான் (பங்கர் ராயின் இயற்பெயர் சஞ்சித்). பஞ்ச நிவாரணமாகவே இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1983 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அரசின் வேலைத் திட்டங்களில் கூலி குறைந்தால் இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துப் பேசும் தீர்ப்பு அது.

அதே நௌர்தி பெரிய வயதில்தான் திலோனியாவில் எழுத்துக் கற்றார், அப்புறம் கம்ப்யூட்டர் கற்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார், 2010-ல் ஹர்மாரா ஊராட்சித் தலைவரானார். ஐந்து வருடம் கழித்து மறுபடி நிற்க முடியவில்லை. ராஜஸ்தான் அரசு 2014 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் போட்டது, பெரும்பாலான ஊர்களில் தலைவராக நிற்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று. கம்ப்யூட்டரில் ஊர்க் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பதால் வாசலை அடைத்தார்கள். அந்த நிபந்தனையை 2019-ல் தூக்கிவிட்டார்கள், ஆனால் அவரைப் போன்ற எத்தனை பெண்கள் அந்த ஒரு தேர்தலை இழந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. சான்றிதழ் தருவதில்லை என்ற திலோனியாவின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் வெளியுலகம் சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பிடிவாதத்தின் விலையைக் கொடுப்பது கற்றுக்கொண்டவர்தான். இதைத் திலோனியாக்காரர்களும் யோசிக்க வேண்டும்.

இந்த மண்ணில் இருந்து கிளம்பியவற்றில் பெரியது தகவல் அறியும் உரிமைப் போராட்டம். சென்னையில் பிறந்த அருணா ராய் ஐஏஎஸ் பதவியை விட்டுவிட்டு 1970-களின் நடுவில் திலோனியாவுக்கு வந்து 1983 வரை இருந்தார். சங்கர் சிங் இங்கே பொம்மலாட்டக் குழுவில் இருந்தவர். அவர்களும் நிகில் தேயும் 1987-ல் தேவ்துங்ரி என்ற ஊரில் ஒரு மண் குடிசையில் தங்கினார்கள், 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பிறந்தது, 1996-ல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா, 2005-ல் சட்டம். சங்கர் சிங் மேடையில் பேசும்போது பாட்டும் பொம்மையும் கிண்டலும் கலந்து வருவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்கள் வருகைப் பதிவேட்டில், செத்தவன் பெயர் இருப்பதை ஒரு பாட்டால் ஊருக்குப் புரிய வைத்துவிடுவார். அந்த மொழியை அவர் எந்த மேலாண்மைப் படிப்பிலும் கற்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், இவர்கள் திலோனியாவை விட்டு வெளியே போய்த்தான் இதைச் செய்தார்கள். நல்ல பயிற்சி இடத்தில் இருந்து ஆட்கள் கருத்து மாறுபட்டுக் கிளம்பிப்போய்த் தங்கள் வழியில் வேலை தொடங்குவது அந்த இடத்துக்குப் பெருமை என்றே நினைக்கிறேன்.

வளாகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். புதிய வளாகத்தை 1980-களின் பின்பாதியில் பன்வர் ஜாட் என்ற எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் ஊர்க்காரர்களும் கட்டினார்கள், மழைநீர்த் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது, பழைய இரும்பை வெட்டி ஒட்டிய குவிமாடங்கள் இருக்கின்றன. 2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வடிவமைத்தது யார், படித்த கட்டடக் கலைஞரா கிராமத்துக்காரரா என்று பெரிய சர்ச்சையாகி, அடுத்த வருடம் விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு இளம் கட்டடக் கலைஞரின் பங்கும் அதில் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து.

குறை என்று பார்த்தால், வெளியே போகும் பேச்சிலும் படத்திலும் பங்கர் ராயின் முகமே அதிகம். சம்பளம் எல்லோருக்கும் குறைந்த அளவில்தான் என்ற கொள்கை அழகானது, ஆனால் வீட்டில் நோயாளியும் கடனும் இருக்கிற ஒரு ஊழியருக்கு அது எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியவில்லை. ஆறு மாதம் பிள்ளைகளை விட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் கணவன் கொடுக்கும் தொல்லைக்கு ஊர்க் குழு பொறுப்பேற்க வேண்டும், அதற்கான ஏற்பாடு எனக்குப் போதவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இந்தி தெரிந்த ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும், மார்வாரி கலந்த பேச்சு வேறு. குளிர் மாதங்களில் போங்கள், மே மாத வெயிலில் வேண்டாம். தரையில் உட்கார்ந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிடுவீர்கள், தட்டை நீங்களே கழுவ வேண்டும். வெளிநாட்டுப் பெண்களுக்கான பயிற்சி இப்போது சான்சிபார் போன்ற இடங்களிலும் நடக்கிறது, அதனால் நீங்கள் போகும் நேரத்தில் திலோனியாவில் எந்தப் பயிற்சி நடக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். காலையில் வந்து மாலையில் கிளம்பும் கல்லூரிச் சுற்றுலா மாதிரி போனால் குவிமாடத்தின் முன் போட்டோதான் மிஞ்சும். இரவுப் பள்ளி ஒன்றைப் பாருங்கள், பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக 1970-களில் தொடங்கியவை அவை. முடிந்தால் ஒரு ஊர்க் குழுவின் வசூல் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, கட்டாத வீட்டை என்ன செய்தார்கள் என்று.